வதந்தியா, எச்சரிக்கையா? கரிசல் சந்தையில் கடையைப் பற்றிய பேச்சு

கேள்வி

'அவருக்குக் கை முடங்கிப்போச்சாம்.' அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஒரு வணிகரைப் பற்றி இப்படியொரு பேச்சுக் கிளம்பினால் அதன் விளைவு அன்றைக்கே தெரியத் தொடங்கும். நூல் கொடுத்தவர் பாக்கியைக் கேட்டு வருவார். மிளகாய் மூட்டையை இறக்க வந்தவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு மண்டிக்குப் போவார். தீபாவளிச் சீட்டுக் கட்டிய பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அடுத்த கட்டமாக 'ஐ.பி. கொடுக்கப் போகிறார்', 'மஞ்சள் கடுதாசி தயாராகிவிட்டது' என்று நொடிப்பு மனு வரை பேச்சு முற்றும். பேச்சு பொய்யாக இருந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு காரணமில்லாமல் சரிகிறது. மெய்யாக இருந்து, 'வெறும் வதந்தி' என்று அடக்கப்பட்டால், அந்தக் கடையை நம்பிப் பணம் போட்ட எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு சரிகிறது.

மானாவாரி பூமியில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. மழையைப் பார்த்து விதைக்கும் பருத்தி, மல்லி, மிளகாய், கம்பு. மழை ஏமாற்றினால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். கையில் காசு புரள்வது ஆண்டில் சில வாரங்கள்தாம். மீதி மாதங்களை ஓட்டுவது மண்டி முன்பணம், கைமாற்று, கடைக் கடன், சீட்டு. தறிக்காரருக்கு நூல் கடனில் வருகிறது; சேலை போன பிறகே கணக்குத் தீர்கிறது. இவற்றில் பெரும்பகுதிக்குப் பத்திரம் கிடையாது. ஒருவர் பேரில் ஊருக்கு இருக்கும் நம்பிக்கைதான் ஈடு. ஆகவே அந்தப் பேரைப் பற்றிய பேச்சு இங்கே பொழுதுபோக்கு அன்று, பொருளாதாரத் தகவல்.

அப்படியானால் ஒரு வணிகத்தைப் பற்றிய உறுதிப்படாத பேச்சை ஒரு சமூகம் எப்படிக் கையாள வேண்டும்? அடக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. மக்களின் தற்காப்பு அது, ஓடவிட வேண்டும் என்பது மறு கட்சி. இரண்டுமே கேள்வியைத் தவறான இடத்தில் வைக்கின்றன என்பது என் கருத்து. பேச்சுக்குப் பதில் சொல்லும் கடமை உள்ள ஓர் இடம் இருக்கிறதா, அந்த இடத்தில் கணக்கு திறக்கப்படுகிறதா என்பதை வைத்தே ஒரு பேச்சு அழிக்கிறதா, காக்கிறதா என்பது முடிவாகிறது. இதற்கான சான்றுகளை இந்த வட்டாரத்தின் வணிக அமைப்பிலிருந்தும் தென்னிந்திய வங்கி வரலாற்றிலிருந்தும் அண்மைய வழக்குகளிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாம்.

ஆய்வாளர்கள் சொன்னவை

வதந்தி பற்றிய நவீன ஆய்வு இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்காவில் வேகம் பெற்றது. கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் இருவரும் 1947இல் வெளியிட்ட நூலில், ஒரு செய்தி எவ்வளவு முக்கியமானதோ, எவ்வளவு தெளிவற்றதோ அவ்வளவுக்கு வதந்தி பெருகும் என்றார்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வதந்தி இல்லை. அவர்கள் பார்வையில் வதந்தி என்பது வாய்க்கு வாய் சிதைந்து போகும் செய்தி. 1966இல் தமோட்சு ஷிபுதானி இதை மறுத்தார். அதிகாரபூர்வமான செய்தி வராதபோது மக்கள் கூடி யோசித்து, கிடைத்ததை வைத்து ஒரு விளக்கத்தை உருவாக்கும் முயற்சியே வதந்தி என்பது அவர் வாதம். நம் கேள்விக்கு ஷிபுதானியே அதிகம் உதவுகிறார். கை முடங்கிய வணிகர் எவரும் அதைத் தானே அறிவிப்பதில்லை. ஊர்தான் குறிப்புகளைச் சேர்த்து அறிய வேண்டியிருக்கிறது.

ஆனால் ராபர்ட் மெர்டன் 1948இல் சுட்டிய ஆபத்தை ஒதுக்க முடியாது. நல்ல நிலையில் உள்ள வங்கி நொடிக்கப் போகிறது என்று எல்லோரும் நம்பி ஓடினால், ஓடியதாலேயே அது நொடிக்கிறது. டக்ளஸ் டைமண்ட், ஃபிலிப் டிப்விக் இருவரும் 1983இல் இதைக் கணித வடிவில் நிறுவினார்கள்; 2022இல் பொருளாதார நோபல் பரிசைப் பெற்றார்கள். பிறர் ஓடுவார்கள் என்று எதிர்பார்க்கும் ஒருவர் தானும் ஓடுவது அறிவுடைய செயலே என்பதுதான் இதில் கசப்பான உண்மை. தனித்தனியாக எவரும் தவறு செய்யாமலேயே எல்லோரும் சேர்ந்து ஒரு நிறுவனத்தைக் கொன்றுவிட முடியும்.

இந்தியச் சான்று ஒன்றும் உண்டு. 2001இல் குஜராத்தில் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி மோசடியால் விழுந்தபோது, அதில் சம்பந்தமில்லாத வேறு கூட்டுறவு வங்கிகளிலும் மக்கள் பணம் எடுக்கத் திரண்டார்கள். அப்படிப்பட்ட ஒரு வங்கியின் பதிவேடுகளை ராஜ்கமல் ஐயரும் மஞ்சு பூரியும் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். தெரிந்தவர்கள் பணத்தை எடுத்தால் தாமும் எடுப்பவர்கள் அதிகம். வங்கியோடு நீண்ட உறவும் கடன் தொடர்பும் உள்ளவர்கள் நிதானமாக இருந்தார்கள். காப்பீடு ஓரளவே கைகொடுத்தது. ஓடியவர்களில் பெரும்பாலோர் பிறகு திரும்பவில்லை. வங்கியின் உள் நிலையை நேரில் அறிய வழி இருந்தவருக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்றே இதைப் படிக்கிறேன்.

பேட்டையும் உறவின்முறையும்

அருப்புக்கோட்டைக்கு இந்தக் கேள்வி புதிதன்று. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் வரலாற்றில், பழைய ராமநாதபுரத்தின் ஆறு ஊர்களை வணிக எழுச்சியின் மையங்களாக விவரிக்கிறார்: சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை. பாளையம்பட்டி அருப்புக்கோட்டையை ஒட்டியே இருக்கிறது. மாட்டு வண்டிகளில் சரக்கேற்றிப் போன வணிகர்கள் இரவில் வண்டிகளோடு தங்குவதற்கு மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். பேட்டைக்கு வரும் சரக்கின் மீது மகிமை என்ற கட்டணத்தை வசூலித்தார்கள். அந்தப் பொதுநிதியை முறைகாரர்கள் நிர்வகித்தார்கள்; அதற்கு மேல் உறவின்முறை என்ற ஊர் அமைப்பு இருந்தது. கோயில், கிணறு, பள்ளி எல்லாம் இந்த நிதியில் எழுந்தவை. 1970இல் தொடங்கிய சைவ பானு க்ஷத்ரியக் கல்லூரி அந்த மரபின் பிற்கால விளைவு.

நம் கேள்விக்கு உறவின்முறையின் வேறொரு பணியே முக்கியம். உறுப்பினர்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கல் வழக்குகளை அது கேட்டுத் தீர்த்தது, அபராதம் போட்டது, பணியாதவரை விலக்கியும் வைத்தது. ஒருவர் பேரில் குற்றம் சொன்னால் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட முடியாது. கூட்டத்தில் நின்று பேச வேண்டும். சொல்லப்பட்டவரும் வந்து பதில் சொல்ல வேண்டும். மகிமை சரக்கின் அளவுக்கு ஏற்ப வாங்கப்பட்டதால், யாருடைய வியாபாரம் ஏறுகிறது, யாருடையது இறங்குகிறது என்பது பொது அமைப்புக்குக் கணக்காகவே தெரிந்திருக்கும். பேச்சைச் சரிபார்க்க இதைவிட நல்ல கருவியை அந்தக் காலத்தில் கற்பனை செய்வது கடினம்.

இதைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. இந்தக் கட்டுக்கோப்பு உருவானதற்கே வெளியிலிருந்து வந்த பகை ஒரு பெரிய காரணம். 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்ட வரலாறு அதைச் சொல்லும். அந்தப் பாதுகாப்பு சாதி எல்லைக்கு உட்பட்டது. உள்ளே இருந்தவருக்குக் கூட்டத்தில் பேச இடம் இருந்தது. அதே மண்டியில் பருத்தி போட்ட வேறு சாதி விவசாயிக்கு, கரி சுமந்த கூலிக்காரருக்கு, வீட்டில் காசு சேர்த்த பெண்ணுக்கு அந்த இடம் இல்லை. எடையிலும் விலையிலும் ஏமாந்தவர் அதை வெளியே முணுமுணுத்தால் அதற்குப் பெயர் புரளி. உள்ளே பேசினால் புகார், வெளியே பேசினால் புரளி என்ற இந்தப் பிரிவினையை நாம் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறோம். இது எனக்கு வருத்தம் தருவது. ஏனென்றால் இந்த வட்டாரத்தில் ஏமாந்தவர்களில் அதிகம் பேர் அந்த வெளிவட்டத்தில் இருந்தவர்களே.

சாதி, மதப் பகை வணிகத்தைப் பற்றிய பேச்சுக்கு எப்படி எரிபொருளாகும் என்பதற்கு உலகறிந்த சான்று பிரான்சின் ஒர்லியான் நகரம். 1969 மே மாதம், அங்கே பெரும்பாலும் யூதர்கள் நடத்திய சில துணிக்கடைகளில் இளம்பெண்கள் கடத்தப்படுவதாகப் பேச்சு பரவியது. ஒரு பெண்கூடக் காணாமற்போகவில்லை. எட்கார் மொரேன் அங்கு சென்று ஆராய்ந்து நூலே எழுதினார். ஆகவே ஒரு கடையைப் பற்றிய பேச்சைக் கேட்கும்போது, அந்தக் கடைக்காரர் யார் என்பதாலேயே இது எளிதில் நம்பப்படுகிறதா என்று கேட்பது முதல் சோதனை.

வங்கிகள் தரும் சான்று

கடைகளின் நொடிப்புக்கு ஆவணம் குறைவு; வங்கிகளுக்கு அதிகம்.

சென்னையின் அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22 அன்று கதவைச் சாத்தியது. லண்டன் பங்காளி மெக்ஃபேடியன் சூதாட்டம் போன்ற ஊக வணிகத்தில் பணத்தை இழந்து, அதற்குச் சற்று முன் தற்கொலை செய்துகொண்டார். நிறுவனத் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். இங்கே அழித்தது பேச்சன்று, பேச்சு இல்லாமை. வெள்ளைக்கார நிறுவனத்தின் கௌரவம், கேள்வியே எழாதபடி காத்தது. ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் சேமித்த பணம் போனது. வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கியதற்கு இந்த அடியே தூண்டுதல்.

1938 ஜூன் 21 அன்று திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி பணப்பட்டுவாடாவை நிறுத்தியது வேறு வகை. முந்தைய ஆண்டில்தான் இரண்டு வங்கிகள் இணைந்து அது உருவாகியிருந்தது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகையே வங்கியைக் கொன்றது என்று நிறுவனர்கள் தரப்பு சொல்லிவந்தது. வங்கி ஏற்கெனவே உள்ளே புழுத்திருந்தது என்பது எதிர்த்தரப்பு. வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நான் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன்: உள்ளே எவ்வளவு பலவீனம் இருந்தது என்று வெளியே இருந்தவருக்குத் தெரிய வழி இல்லாததால்தான் பகைவரின் சொல்லுக்கு அவ்வளவு வலிமை கிடைத்தது. அப்போது ரிசர்வ் வங்கி தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் கையிலும் போதிய கண்காணிப்பு அதிகாரம் இல்லை.

1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. பீதி மற்ற வங்கிகளுக்கும் பரவியது. அதன் விளைவாக 1961இல் வைப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்து, 1962 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பீடு கிடைத்தது. இன்று அது 5 லட்சம். வதந்தியைத் தடுக்க நாடு செய்த ஆகப் பயனுள்ள வேலை இதுவே என்பேன். இங்கே யாருடைய வாயும் கட்டப்படவில்லை. கேட்டவருக்குப் பயப்பட வேண்டிய காரணம் குறைக்கப்பட்டது.

2020 நவம்பர் 17 அன்று, கரூரில் 1926இல் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கிக்குத் தடை விதிக்கப்பட்டு, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிக்கப்பட்டது. பத்து நாளில், நவம்பர் 27 அன்று, அது டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது. வைப்பாளர் பணம் முழுதும் காப்பாற்றப்பட்டது. பங்குதாரர் முதலீடு முற்றிலும் அழிந்தது. அறிவிப்பிலேயே தேதியும் தொகையும் இருந்தன. பேச்சு ஊதிப் பெருகுவதற்கு இடம் கிடைக்கவில்லை.

'வதந்தியை நம்பாதீர்' என்ற விளம்பரம்

வங்கிகளுக்கு நேர் எதிரான பாடத்தைத் தருபவை நிதி மோசடிகள். பெருந்துறையை மையமாகக் கொண்டு ஈமு கோழி வளர்ப்புத் திட்டம் நடத்திய சுசி நிறுவனம் 2012இல் சரிந்தது. திரைக் கலைஞர்கள் தோன்றிய விளம்பரங்கள் அதற்கு முன் வீடுவீடாகச் சேர்ந்திருந்தன. கோழியின் இறைச்சியை யார் வாங்குகிறார்கள் என்ற எளிய கேள்வியைக் கேட்டவர்களும் இருந்தார்கள். மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்தவரை அந்தக் கேள்வி பொறாமைக்காரர் பேச்சாகவே தெரிந்தது. 2022இல் ஆருத்ரா நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்பது காவல்துறையின் கணக்கு. 2023இல் மதுரையை மையமாகக் கொண்ட நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது வந்த புகார்கள் தென் மாவட்ட ஊர்கள் பலவற்றைத் தொட்டன.

இத்தகைய திட்டங்களில் ஒரு பொது இயக்கம் உண்டு. முதலில் சேர்ந்தவருக்குப் பின்னால் சேர்ந்தவரின் பணமே வட்டியாக வருகிறது. ஆகவே சேர்ந்த ஒவ்வொருவருக்கும் சந்தேகப் பேச்சை அடக்குவதில் சொந்த லாபம் இருக்கிறது. முகவராக இருப்பவர் பெரும்பாலும் சொந்தக்காரர், ஆசிரியர், ஓய்வுபெற்ற ஊழியர். அவர் பேரைச் சொல்லிக் கேள்வி கேட்பது உறவை முறிப்பதாகிறது. வங்கி ஓட்டத்தில் பொய்ப் பேச்சு நல்ல நிறுவனத்தைக் கொல்கிறது. இங்கே மெய்யான பேச்சு அடக்கப்படுவதால் கெட்ட நிறுவனம் கொழுக்கிறது. ஒன்றுக்கு எழுதிய மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நோய் முற்றும். 'வதந்திகளை நம்ப வேண்டாம்' என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்து, கூடவே தணிக்கை அறிக்கையைக் காட்டாமல் இருந்தால், அந்த விளம்பரத்தையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தவறான பெயரில் ஓர் உண்மை

பேச்சு முழுப் பொய்யாகவும் இல்லாமல், மெய்யாகவும் இல்லாமல் இருக்கும் வகைக்கு விருதுநகர் மாவட்டத்தோடு தொடர்புள்ள எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அப்போது சிவகாசி சட்டமன்ற உறுப்பினராகவும் பால்வளத்துறை அமைச்சராகவும் இருந்த கே.டி. ராஜேந்திர பாலாஜி, 2017 மே மாதத்தில், தனியார் நிறுவனங்கள் பாலில் ரசாயனம் கலப்பதாகக் குற்றஞ்சாட்டினார். வீடுகளில் பீதி பரவியது. ஹட்சன், டோட்லா, விஜய் ஆகிய நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஆதாரமின்றிப் பேசக் கூடாது என்று ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபரில், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு தழுவிய பால் ஆய்வை வெளியிட்டது. 6,432 மாதிரிகளில் கலப்படம் கண்டவை 12 மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்லாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு அளவுக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 551 மாதிரிகளில் 88. மாநிலங்களில் இதுவே அதிகம். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கும் தீவனமும் மாட்டுக்குப் போய்ப் பாலில் வரும் நச்சு இது. யாரும் திட்டமிட்டுக் கலப்பதில்லை. சேமிப்புக் கிடங்கின் ஈரமே குற்றவாளி. பாலில் ஏதோ சரியில்லை என்ற அச்சத்துக்கு ஓர் அடிப்படை இருந்தது. ஆனால் பேச்சு ஒரு வில்லனைத் தேடியது. தீவனக் கிடங்கை யாரும் பார்க்கவில்லை. தன் கையில் ஆய்வகமும் அதிகாரிகளும் இருந்த ஒருவர், முடிவை வெளியிடுவதற்குப் பதிலாக ஐயத்தை வெளியிட்டதை, சாமானியர் ஒருவர் அண்டை வீட்டாரிடம் சொன்ன ஐயத்தோடு சமமாக வைக்கக் கூடாது. அறிய வழியுள்ளவரின் பொறுப்பு அதிகம்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல்

அவதூறுச் சட்டம் இந்த வேறுபாட்டை அறியும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு பத்து விலக்குகளைக் கொண்டிருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவற்றை அப்படியே தொடர்கிறது. பத்தாவது விலக்கின்படி, கேட்பவரின் நலனுக்காகவோ பொது நலனுக்காகவோ நல்லெண்ணத்தோடு ஒருவரைப் பற்றி எச்சரிப்பது அவதூறு ஆகாது. நல்லெண்ணம் என்றால் மனசுத்தம் மட்டும் போதாது. உரிய கவனத்தோடு செய்யாத எதையும் நல்லெண்ணமாகக் கொள்ளக் கூடாது என்று பழைய சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லியது. அதாவது, 'நல்லதுக்குத்தான் சொன்னேன்' என்பவர் தான் என்ன விசாரித்தார் என்று காட்ட வேண்டும்.

வங்கிகளுக்கு மட்டும் தனிக் காவல் உண்டு. நியாயமான காரணமின்றி வைப்பாளரின் நம்பிக்கையைக் குலைக்கும்படி நடப்பதை வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 36ஏடி பிரிவு தடுக்கிறது. வங்கி கணக்கைத் திறந்து வைக்கக் கடமைப்பட்டது, ஆய்வுக்கு உட்பட்டது. ஆகவே அதற்கு அந்தக் காவல் பொருந்தும். கணக்கைக் காட்டாத நிறுவனம் அதே காவலைக் கேட்பதற்கு நியாயம் இல்லை.

இந்த அளவுகோலை வைத்து ஊர்ப் பேச்சைச் சோதிக்கலாம். சொல்பவர் நேரில் கண்டதைச் சொல்கிறாரா? 'காசோலை திரும்பிவிட்டது', 'மூன்று மாதமாகக் கூலி பாக்கி' என்பவை சரிபார்க்கக் கூடியவை. 'ஆள் சரியில்லை' என்பதைச் சரிபார்க்க வழியில்லை. சொல்வதால் அவருக்கு ஆதாயம் உண்டா? போட்டிக் கடைக்காரரா, பாக்கி வைத்தவரா? சொல்லப்பட்டவரிடம் கேட்கப்பட்டதா? இவற்றில் எதுவும் முழு உறுதி தராது. ஆனால் மிளகாய் மூட்டையைத் திருப்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பாக்கி உள்ளவர் நேராகப் போய்க் கேட்பதே பெரும்பாலும் ஊரில் சொல்லித் திரிவதைவிட விரைவில் உண்மையைக் கொண்டுவருகிறது. பதில் மழுப்பலாக வந்தால், உறவினருக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் அதைச் சொல்வது கடமை என்றே நினைக்கிறேன். அங்கே மௌனம் நாகரிகம் ஆகாது.

காப்பில்லாத பணம்

இந்த வட்டாரத்தின் சேமிப்பில் எவ்வளவு வங்கியின் 5 லட்சம் காப்புக்குள் வருகிறதோ, அந்தப் பகுதியில் பேச்சின் நச்சு குறைந்துவிட்டது. வெளியே இருப்பதே சிக்கல். பதிவு செய்த சீட்டுக்கு 1982ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் பதிவாளரும் உண்டு. நடத்துபவர் பிணைத்தொகை கட்ட வேண்டும். தெருவில் நடக்கும் தீபாவளிச் சீட்டுக்கு அது எதுவும் இல்லை. நகைக்கடைகளின் மாதச் சேமிப்புத் திட்டம் பெரும்பாலும் பதினொரு மாதங்களில் முடிவதற்குக் காரணமே, பொருளுக்காக வாங்கிய முன்பணம் 365 நாளுக்குள் தீர்ந்தால் 2014ஆம் ஆண்டு விதிகள் அதை வைப்பாகக் கருதுவதில்லை என்பதுதான். வங்கி வைப்பு இல்லையென்பதால் காப்பீடும் இல்லை. 2023இல் திருச்சியை மையமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் கிளைகள் மூடப்பட்டபோது வாடிக்கையாளர்கள் பூட்டிய கடைகளின் முன் நின்றார்கள். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழகம் 1997இலேயே தனிச் சட்டம் கண்டது. 2019இல் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டமும் வந்தது. இரண்டின் வேகமும் புகார் வந்த பிறகுதான். சொத்து முடக்கம், ஏலம், பங்கீடு என்று ஆண்டுகள் ஓடுகின்றன.

ஆகவே கடை நொடிப்பதற்கு முந்தைய மாதங்களில் ஒரு தறிக்காரருக்கோ பூக்கட்டும் பெண்ணுக்கோ கிடைக்கும் ஒரே முன்னறிவிப்பு இன்றும் பேச்சுதான். உறவின்முறை, வணிகர் சங்கம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் போன்ற அமைப்புகள் இந்த ஊர்களில் உயிரோடு இருக்கின்றன. உறுப்பினர் நடத்தும் சீட்டு, சேமிப்புத் திட்டம் ஒவ்வொன்றின் மொத்தத் தொகையையும் பொறுப்பாளர் பெயரையும் ஆண்டுக்கு ஒருமுறை பலகையில் எழுதி வைக்கவும், உறுப்பினர் அல்லாதவரும் வந்து கேட்டால் பதில் சொல்லவும் அவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சாதி கேட்காமல் அந்தக் கதவைத் திறப்பதற்கு மனம் மட்டும் வேண்டும். பழைய பேட்டை செய்யாமல் விட்ட வேலை அதுவே.